ராகு காலத்தில் தூக்கிவந்த கிருஷ்ணன்

தங்கை வீட்டுக்காரர் முருகேசன் போனில் இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, வரும்போது உதிரி மல்லி அரைக் கிலோ கொண்டுவர வேண்டும். இரண்டு, வளைகாப்புக்கு நான் கொடுத்த படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

"மச்சான், நீங்க ஒண்ணு வரணும். அம்மா அந்தப் படத்தைக் கண்டாலே அழுறாங்க. சுதா அதைத் தொட விடமாட்டேங்குறா. நடுவுல நான் கெடந்து சாகுறேன்."

படம், யசோதை கிருஷ்ணனுக்குப் பால் கொடுக்கும் தஞ்சாவூர்ப் படம். கும்பகோணத்தில் எனக்குச் சாமிப் படக் கடை. சட்டம் போடுவது தொழில், கதை விடுவது பொழுதுபோக்கு. கிருஷ்ணன் ஏன் இத்தனை குண்டு? வயிற்றில் ஈரேழு உலகம் இருக்கிறது. ஒரு கை மார்பில், ஒரு கை வெளியே ஏன்? பாதி அம்மாவுக்கு, பாதி நமக்கு. தூணில் கிளி எதற்கு? இதைக் கேட்டால் அன்றைக்கு வாயில் வருவதைச் சொல்வேன். பூதனை பால் கொடுக்கும் படமும் ஒன்று கடையில் இருக்கிறது. பால் கொடுத்த புண்ணியத்துக்கு அவளுக்கும் மோட்சம் என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

சுதாவுக்கு முப்பத்தொன்பது வயது. பதினாலு வருஷம் கழித்து உண்டான குழந்தை. வளைகாப்பு முடிந்த எட்டாம் நாள், ஏழரை மாதத்தில், பையன் பிறந்தான். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். பிறகு இல்லை. பெயர்கூட வைக்கவில்லை. செய்தி கேட்டு ஓடிப்போனபோது நான் ஒரு மணி நேரம்தான் அங்கே இருந்தேன். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கும் ஆளுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. இது நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் இந்தப் போன்.

போகும் வழியெல்லாம் என்னோடு ஒரு பொய்யும் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். கண் திறப்பது என்று அதற்குப் பெயர். நல்ல நேரம் பார்த்துத்தான் செய்வார்கள். வளைகாப்புக்கு முந்தின நாள் புதன்கிழமை, ஓவியர் சிங்காரம் யசோதைக்குக் கண் திறந்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"ராகு காலம் வந்துடுச்சு. கொழந்தைக்கு ஒண்ணரைக்கு மேல தெறக்கறேன்."

எனக்கு ஒரு மணிக்கு ரயில். மறுநாள் காலை மட்டாஞ்சேரியில் வளைகாப்பு. "பரவால்ல விடுங்க, கொழந்தை தூங்குதுன்னு சொல்லிக்கறேன்" என்று சொல்லிப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொன்னபடியே சொன்னேன். "பால் குடிச்ச மயக்கம்! பரமாத்மாவே கண்ணை மூடிட்டான்னா அந்தப் பால் எப்படி இருக்கணும்?" வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டுக்காரனுக்குக் கேரளா பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. எல்லாம் புரிவதுபோலவே இருக்கும். அதுதான் ஆபத்து. இந்த முறை நான் போனதும் ஒரு வியாழக்கிழமை. காலை எர்ணாகுளத்தில் மட்டாஞ்சேரிப் பக்கம் போகிற படகு என்று நினைத்து, எல்லாரும் ஏறுகிறார்களே என்று நானும் ஏறினேன். இறங்கினால் வைப்பின் தீவு. எதிர்க்கரையைக் கையால் தொடலாம் போலிருக்கிறது. நடுவில் கடல்.

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலையாளத்தில் சொன்னாள்: "படகு தப்பில்லை, நீ ஏறியதுதான் தப்பு." லாரியும் காரும் ஆட்டோவும் மனிதர்களும் ஒன்றாக ஏறுகிற பெரிய சங்காடத்தில் என்னை ஏற்றிவிட்டவளும் அவள்தான். எங்கள் ஊரில் வழி கேட்டால் நாலு பேர் கூடி நாலு திசை காட்டுவார்கள். இங்கே ஒரே ஆள், ஒரே திசை, கூடவே ஒரு திட்டு.

கையில் வாழையிலைப் பொட்டலத்தில் மல்லி. உதிரியாகத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியாதா, பூஜைக்குத் தொடுத்த பூதானே அழகு என்று நெருக்கமாகக் கட்டிய சரமாக வாங்கியிருந்தேன். வெயில் ஏற ஏறப் பொட்டலம் வாசமடித்தது. சங்காடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொப்பையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கரையேறினேன்.

முருகேசன் வேலை செய்வது ஒரு சுக்குக் கிடங்கில். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வாசலில் அவருடைய அம்மா தங்கம்மாள் நின்றிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"உதிரியில்லே சொன்னது?"

"கட்டினாத்தானே சாமிக்கு அழகு, அத்தை."

"சாமிக்கு இல்ல தம்பி. சுதாவுக்கு. பால் நிக்க மாட்டேங்குது. மாரில வச்சுக் கட்டணும்."

குழந்தை போனபின் பால் வற்றுவதற்கு மல்லிப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். தெரிந்த விஷயம்தான். எங்கள் தெருவிலும் செய்திருக்கிறார்கள். சரமாக வைத்தால் நார் அறுக்கும். என் மண்டைக்கு ஏன் இது எட்டவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நானும் முருகேசனும் ஒவ்வொரு பூவாக நாரிலிருந்து பிரித்தோம். அவ்வளவு நெருக்கமாகக் கட்டித் தரச் சொன்னவன் நான்தான். ஒரு மணி நேரம் பிடித்தது. வாய் சும்மா இருக்குமா? "கட்டினவ கண்டா என்னைத் தூக்குல போடுவா" என்றேன். முருகேசன் தலை நிமிரவில்லை. என் ஜோக்குகளில் அதுதான் மிக நீளமானதாக எனக்குத் தோன்றியது. சொல்லி முடித்தும் முடியவில்லை.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறும் மோர்க்கறியும். அந்தச் சோற்றில் ஒரு பருக்கையைத் தனியாகக் கடித்துத் தின்னலாம். சாதாரண நாளாக இருந்தால் அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

சுதா அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் படம். சட்டத்தின் தங்க நிறம் அந்த அறையில் இருக்கவே வெட்கப்படுவதுபோல இருந்தது. யசோதையின் பெரிய கண்கள் திறந்திருந்தன. மடியில் கிருஷ்ணன், வாய் மார்பில். கண் இருக்க வேண்டிய இடத்தில் இமைக்கோடு மட்டும்.

"அண்ணே, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா. படகு மாறி ஏறி வைப்பின் வரைக்கும் போய்ட்டு வந்தேன்."

"படத்தை எடுக்கத்தானே வந்திருக்கே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தொடாதே" என்றாள். அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

வாசலில் தங்கம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு மூடின கொழந்தையை மாசமா இருக்கறவ முன்னாடி யாராவது மாட்டுவாங்களா? எட்டே நாள். எட்டே நாள்ல வலி வந்துது. நான் உன்னைக் குத்தம் சொல்லல. நீ நல்ல மனசோடதான் கொண்டாந்தே. ஆனா அது இங்க வேண்டாம். அவளும் அதையே நோக்கிக்கிட்டு இருக்கா, பாலும் நிக்க மாட்டேங்குது. எனக்குப் பேடியா, பயமா இருக்கு தம்பி. இவளும் கைவிட்டுப் போயிடுவாளோன்னு."

நல்ல மனசோடு. அந்த வார்த்தை அன்று ராத்திரி சாப்பாட்டோடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது கொல்லையில் முருகேசனைப் பார்த்தேன். கையில் மூடிய எவர்சில்வர் டம்ளர். செம்பருத்தி வேரடியில் குனிந்து மெல்லச் சாய்த்தார். காலடி படாத இடம். பால். என்னைக் கண்டதும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சின்ன வயதில் பீடியை மறைப்போமே, அப்படி. நான் ஒன்றும் பார்க்காதவன்போலச் செடியில் எத்தனை மொட்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. மட்டாஞ்சேரி அரண்மனையில் சுவர்ச் சித்திரம் இருக்கிறது, ராமாயணம் முழுக்க, ராணிகள் பிள்ளை பெறுவதுகூட வரைந்திருக்கிறது என்று கேள்வி. போனேன். வெள்ளிக்கிழமை விடுமுறையாம். கேட்டுக்கு முன்னால் ஓர் ஆடு மட்டும் நின்றிருந்தது. அதற்கும் தெரியாதுபோல.

எதிரில் ஆட்டோ. ஓட்டுபவர் நௌஷாத், சுள்ளிக்கல்லில் வீடு. ராவுத்தர் குடும்பம், வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். எழுதப் படிக்க மலையாளம்.

"எங்கே அண்ணா போகணும்?"

"எங்கேயாவது."

"அந்த எடத்துக்கு ஆட்டோ போகாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கேறிக்கோ, ஒரு சாயா குடிச்சிட்டு யோசிப்போம்" என்றார்.

சாயாக் கடையில் புட்டும் கடலையும் வந்தது. எங்கள் ஊரில் காபி குடிக்கும்போதே அடுத்தவன் குடும்ப விஷயத்தைக் கறந்துவிடுவார்கள். இங்கே மனிதர் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காததால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராகு காலம், ரயில், பால் மயக்கம், டம்ளர், எல்லாம்.

நௌஷாத் புட்டை உதிர்த்துக்கொண்டே, "கதை விடறது கடையோட நிக்கும்னு நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பால்மாதா படம் கண்டிருக்கியா?" என்று கேட்டார். "என் பீவிக்குப் பால் இல்லாதப்ப அடுத்த வீட்டுக்காரி அங்கதான் கூட்டிட்டுப் போனா. நான் வெளிய ஆட்டோலயே இருந்தேன். பின்னே உள்ள போய்க் கண்டேன்."

கோட்டைக் கொச்சிப் பக்கம் ஒரு சின்னத் தேவாலயம். பீடத்துக்குப் பின்னால் உள்ளறையில் படம். ஈரக்காற்றில் கறுத்த, ஆள் உயரப் பலகை. மாதா குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கப்பியார் ஔசேப்பு சேட்டன் சாவிக்கொத்தோடு வந்தார். அவர் மலையாளத்தில் சொல்ல, எனக்குப் புரியாததை நௌஷாத் தமிழில் சொன்னார். மாதாவின் மார்பில் ஒரு நீலத் துணி. அதை வரைந்தது வேறு கை, பின்னால் யாரோ வெட்கப்பட்டுப் போர்த்தியது என்றார். அது எனக்கே தெரிந்தது. வர்ணம் ஒட்டவில்லை.

குழந்தையின் கையில் ஒரு குருவி. குருவியின் தலையில் சிவப்புப் பொட்டு.

"அது ரத்தம்" என்றார் கப்பியார். "அவன் தலையில முள்முடி வச்சப்போ ஒரு முள்ளைப் பிடுங்கப் போச்சு. அப்பப் பட்டது."

"இது கைக்குழந்தைதானே? முள்முடி பின்னாடிதானே வரும்?"

"வரப்போறது எல்லாம் இதிலேயே இருக்கு." சாவியால் குழந்தையின் முகத்தைச் சுட்டினார். கண் மூடியிருந்தது. "ஏன் தூங்குறான், சொல்லுங்க?"

என் தொழில் கேள்வி. இருபத்தைந்து வருஷமாகச் சொல்லும் பதில். "பால் குடிச்ச மயக்கம்."

நௌஷாத் என்னைப் பார்த்தார். அதை மொழிபெயர்க்கவில்லை. கப்பியாருக்கு அது தேவைப்படவும் இல்லை. இல்லை என்று தலையாட்டினார்.

"இப்போ இந்த மடியில தூங்குறான். சிலுவையிலேர்ந்து இறக்கி இதே மடியிலதான் கெடத்துவாங்க. வரைஞ்சவன் அதைத்தான் இப்பவே வரைஞ்சு வச்சிருக்கான். அம்மா முகத்தைப் பாருங்க. பால் கொடுக்கிறவ கொழந்தையைப் பாக்காம எங்கேயோ பாக்கிறாளே? அவளுக்குத் தெரியும்."

பால் இல்லாதவர்கள்தான் இங்கே வருவார்களா என்று கேட்டேன்.

"பால் நிக்காதவங்களும் வருவாங்க" என்றார். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாங்க."

எத்தனை சாமிக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு படத்துக்கு முன்னால் இரண்டு அடி பின்வாங்கியது அன்றுதான். படம் பிள்ளையைக் கொன்றது என்று நான் நம்பவில்லை. இப்போதும் இல்லை. ரத்தத்தில் கிருமி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ரயிலைப் பிடிக்க அவசரத்தில் வாயில் வந்த ஒரு சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் எங்கேயோ ஒரு பலகையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை நான் ஏழு மாதக்காரியின் சுவரில் மாட்டி, விளக்கமும் சொல்லி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

திரும்பும்போது நௌஷாத், "வீட்டுல சொல்லப் போறியா?" என்றார்.

"சொன்னா அந்தம்மா என்னைக் கொன்னுடும்."

"கொல்லட்டுமே. அவங்களுக்கும் கோபப்பட ஒரு ஆள் வேணுமில்லே? இப்போ படத்தோடதானே சண்டை போட்டுட்டிருக்காங்க."

அன்று சொல்லவில்லை. சாயங்காலம் வாய் திறந்தபோது சுதா தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது ஒரு சாக்கு. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தங்கம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "ஒம்பது மணிக்கு ராகு காலம். சுதா குளிக்கப் போயிருக்கா. அதுக்குள்ள எடுத்துடு தம்பி. தாய்மாமன் கையால வந்தது, தாய்மாமன் கையாலயே போகட்டும்."

போனேன். முருகேசன் ஒரு பழைய வேட்டியை விரித்துத் தயாராக வைத்திருந்தார். ஆணியிலிருந்து படத்தைத் தூக்கினேன். தேக்குச் சட்டம், கண்ணாடி, நல்ல கனம். நானே பூட்டியது. மார்போடு அணைத்துத்தான் இறக்க முடியும். திரும்பினால் சுதா நிற்கிறாள். தலையில் ஈரத் துண்டு. ரவிக்கைக்குள் வைத்துக் கட்டியிருந்த மல்லி இரண்டு தரையில் விழுந்தது.

"வைண்ணே."

"சுதா, கேளும்மா" என்றார் முருகேசன். "அம்மாவுக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கண்ணு மூடின கொழந்தை..."

"அது மூடின கண்ணு இல்ல" என்றேன். படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றேன். கை வலித்தது, இறக்கி வைக்கத் தோன்றவில்லை. "எழுதாத கண்ணு. ஓவியர் ராகு காலம்னு நிறுத்திட்டார். ஒண்ணரை மணி நேரம் இருந்திருந்தா எழுதியிருப்பார். நான் ரயிலுக்கு நேரமாச்சுன்னு தூக்கிட்டு வந்துட்டேன். பால் மயக்கம், பரமாத்மா எல்லாம் நானா விட்டது."

தெருவில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

தங்கம்மாள் மெதுவாகத்தான் கேட்டாள். "கண் தெறக்காத சாமியை, ராகு காலத்துல தூக்கிட்டு வந்து, என் மருமக முன்னாடி மாட்டினியா?"

"ஆமா அத்தை."

"சிரிச்சுக்கிட்டே மாட்டினே."

"ஆமா."

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையில் கிடந்த இரண்டு பூவைக் குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீ போ. இனி இந்தப் படி ஏறாதே. அதையும் கொண்டுபோ."

நான் சுதாவிடம் சொன்னேன். "கொண்டுபோய்க் கண் தெறந்து கொண்டாறேன்மா. நல்ல நாள் பாத்து, முறையா. சிங்காரம் ஒரே நாள்ல முடிச்சுடுவார். அப்புறம் யாருக்கும் பயமிருக்காது."

"வேண்டாம்."

"ஒரே நாள்தாம்மா."

"வேண்டாம்ணே." பக்கத்தில் வந்து கண்ணாடி மேல் கையை வைத்தாள். "பெட்டிக்குள்ள நீல வெளக்குப் போட்டிருந்தாங்க. மஞ்சக்காமாலைக்கு. வெளிச்சம் படக்கூடாதுன்னு கண்ணுல துணி கட்டி வச்சிருந்தாங்க. ஒம்பது நாளும். நான் போறப்பல்லாம் கட்டியிருந்துது. கடைசியா கையில தந்தப்போ அவிழ்த்துத் தந்தாங்க. அப்போ மூடியிருந்துது."

முருகேசன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் கண்ணை நான் பாத்ததே இல்லண்ணே. இவர் போன்ல இருக்கற போட்டோ எல்லாம் துணியோடதான். இது ஒண்ணுதான் அவன் மாதிரி இருக்கு. என்கிட்ட பால் குடிக்கிற மாதிரி. நீ கண்ணு தெறந்துட்டேன்னா அது கிருஷ்ணனாயிடும்."

தங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். விழுந்ததா, போட்டாளா தெரியவில்லை. திரும்பி வந்து அறை வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். "மணி ஒம்பதாகப் போகுது. மாட்டறதுன்னா இப்பவே மாட்டச் சொல்லு அவனை. பின்னே அவன் போகட்டும்."

மாட்டினேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுதா கையால் நேராக்கினாள். நான் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். தங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுதா வாசல் வரைக்கும் வந்தாள்.

"அண்ணே, சரியான படகுல ஏறு" என்றாள்.

சிரிக்கச் சொன்னதா என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் சிங்காரம் கடைக்கு வந்தார். வேலையைப் பாதியில் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "அந்தக் கொழந்தைக்குக் கண்ணு பாக்கி இருக்கே. அடுத்த வியாழக்கிழமை நல்ல நாள். படத்தை வரவழைங்க."

"வேண்டாங்க. அது தூங்குது."

சிங்காரம் சிரித்தார். "இன்னும் அந்தப் புளுகை விடலையா நீங்க?"

நான் சட்டத்துக்கு ஆணி அடிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.